எத்தனை உண்ணிகளில் தேடினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காய்ச்சல் பரவும் மாதங்களில் 'உண்ணிகளில் நோய்க்கிருமி கண்டுபிடிப்பு' என்ற பொருளில் தங்கள் நாளிதழிலும் பிற நாளிதழ்களிலும் சிறு செய்திகள் வருவதுண்டு. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சிற்றுண்ணி ஆகியவற்றைப் பிடித்து, அவற்றுள் நோய் உண்டாக்கும் பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்கும் களப்பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தச் செய்திகள் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வாசகர் அச்சப்பட வேண்டுமா, அமைதியாக இருக்கலாமா என்று முடிவு செய்வதற்கு வேண்டிய எண்கள் அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஸ்க்ரப் டைஃபஸ்' என்ற காய்ச்சலைத் தமிழ் நாளிதழ்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகின்றன. இதைப் படிப்பவர் உடனே நாயின் காதைப் புரட்டி உண்ணி இருக்கிறதா என்று பார்க்கிறார். இல்லையென்றால் நமக்குக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறார். அந்தக் காய்ச்சலைப் பரப்புவது நாயின் மீது நாம் காணும் உண்ணி அன்று. லெப்டோட்ராம்பிடியம் என்ற இனத்தைச் சேர்ந்த சிற்றுண்ணியின் ஆறுகால் இளம்பருவமே அதைப் பரப்புகிறது. அது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீளமே உள்ள, வெறுங்கண்ணுக்கு எளிதில் அகப்படாத ஓர் உயிர். நாய் உண்ணியாலும் காய்ச்சல் பரவுவதுண்டு. ஆனால் அது ரிக்கெட்சியா கொனோரி போன்ற வேறு பாக்டீரியாக்களால் வரும் புள்ளிக் காய்ச்சல். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், எங்கே தேட வேண்டும் என்ற முதல் கேள்வியிலேயே தவறிவிடுகிறோம்.

சிற்றுண்ணியின் வாழ்க்கை விசித்திரமானது. அதன் பின்னைய பருவங்கள் மண்ணுக்குள் பிற பூச்சிகளின் முட்டைகளையும் மிகச் சிறிய கணுக்காலிகளையும் தின்று வாழ்கின்றன. விலங்கின் உடலை நாடுவது இளம்பருவம் மட்டுமே, அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. ஒரே முறை கடிக்கும் உயிர், ஒரு நோயாளியிடமிருந்து கிருமியை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடியாதல்லவா? ஆகவே ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற அந்தப் பாக்டீரியா தாயிடமிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து இளம்பருவத்துக்கும் வழிவழியாக வருகிறது. எலி இங்கே உணவளிக்கும் வீடு. கிருமியின் கருவூலம் பெரும்பாலும் சிற்றுண்ணியேதான். இதனால்தான் இந்த நோய் நிலப்பரப்பு முழுவதும் சீராகப் பரவியிருக்காமல் தீவு தீவாகக் காணப்படுகிறது. ஒரு புதரடியில் நிறைய இருக்கும். சற்றுத் தள்ளி ஒன்றுகூட இராது. கணக்கெடுப்பவர் ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு 'இந்த வட்டாரத்தில் இல்லை' என்று எழுதினால் அந்த அறிக்கையை நம்ப முடியாது.

மாலையில் கூண்டுகளை வைத்து, விடியற்காலையில் எலிகளையும் மூஞ்சூறுகளையும் எடுத்து, காதின் உட்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிக் கிடக்கும் கொத்துகளை ஊசிமுனையாலோ மெல்லிய தூரிகையாலோ எடுப்பது வழக்கமான முறை. கருப்புத் தகடுகளைத் தரையில் சிறிது நேரம் வைத்து, அவற்றின் மீது ஏறி நகரும் புள்ளிகளை எண்ணுவது இன்னொரு முறை. ஓர் எலிக்குச் சராசரியாக எத்தனை சிற்றுண்ணிகள் என்ற கணக்கு 0.69ஐத் தாண்டினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று ஓர் எல்லை நெடுநாளாகக் கையாளப்படுகிறது. இந்த எண்ணை அறிக்கைகளில் காணலாம். செய்திகளில் நான் கண்டதில்லை.

ஆய்வகத்தில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. பிடிபட்டது எந்த இனம் என்று உறுதி செய்ய, அதைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, உடல் தெளிவாகும்படி செய்து, முதுகுக் கவசத்தின் வடிவத்தையும் மயிர்களின் எண்ணிக்கையையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அப்படித் தெளிவாக்கும் மருந்து உள்ளே இருக்கும் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். டிஎன்ஏ வேண்டுமென்றால் உயிரியை அரைக்க வேண்டும். அரைத்துவிட்டால் இனம் தெரியாது. தகட்டில் பதிக்காமலேயே, தானாக ஒளிரும் தன்மையைக் கொண்டு இனம் பிரிக்கும் முறையைச் சில ஆய்வகங்கள் கைக்கொண்டுள்ளன. மற்றவர்கள் ஒரே எலியிலிருந்து எடுத்தவற்றில் ஒரு பகுதியைத் தகட்டுக்கும் மறுபகுதியைச் சோதனைக்கும் பிரித்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது முறையில், கிருமி இருந்த உயிரியும் இனம் தெரிந்த உயிரியும் வெவ்வேறு என்பதை அறிக்கையில் சொல்லியே ஆக வேண்டும்.

தெள்ளுப்பூச்சியின் கதை பழையது. 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டறிந்தார். 1898இல் கராச்சியில் பால் லூயி சீமோன், நோயுற்ற எலியையும் நலமான எலியையும் ஒன்றையொன்று தொட முடியாதபடி வைத்து, இடையே தாவிச் செல்லும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று காட்டினார். பல ஆண்டுகள் அவரை யாரும் நம்பவில்லை. பிறகு பம்பாயில், பிளேக் கண்ட வீடுகளுக்குள் கினிப்பன்றிகளை விட்டு, அவற்றின் மீது ஏறிய தெள்ளுப்பூச்சிகளை எடுத்துச் சோதித்தபோதுதான் அவர் சொன்னது நிலைபெற்றது. உயிருள்ள விலங்கையே பூச்சி பிடிக்கும் பொறியாக்கிய அந்த எளிய உத்தியை நினைத்து இன்றும் நான் வியப்பதுண்டு. தெள்ளுப்பூச்சியின் முன்வயிற்றில் கிருமிகள் பெருகி அடைத்துக்கொள்வதால், அது பசி தீராமல் திரும்பத் திரும்பக் கடிக்கிறது என்பதை 1914இல் பேக்கட்டும் மார்ட்டினும் விளக்கினார்கள்.

அந்தக் காலத்துக் கணக்கு இன்றும் பயன்படுகிறது. பிடித்த எலியைத் துணிப்பையில் இட்டு மயக்கி, வெள்ளைத் தட்டின் மேல் வைத்துச் சீப்பால் வாரி, விழும் தெள்ளுப்பூச்சிகளை எண்ணுகிறோம். ஸீனோப்சில்லா கியோபிஸ் என்ற எலித் தெள்ளு ஓர் எலிக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேல் இருந்தால், பிளேக் நுழைந்தால் பரவக்கூடிய நிலை என்று கொள்வது மரபு. கிருமியே இல்லாத இடத்திலும் இந்த எண் பொருளுடையது என்பதைக் கவனிக்க வேண்டும். அடுப்பில் நெருப்பு இல்லாவிட்டாலும் விறகு எவ்வளவு குவிந்திருக்கிறது என்று பார்ப்பது போன்றது இது. அதோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. எலிகள் காரணமின்றிச் செத்து விழும் இடத்தில் முதலில் எலி மருந்து வைப்பது பெருந்தவறு. உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சிகள் அதைவிட்டு இறங்கி அருகிலிருக்கும் மனிதரை நாடும். பூச்சியை முதலில் ஒழித்துவிட்டு, பிறகே எலியின் மீது கை வைக்க வேண்டும்.

பிளேக் மட்டும் அன்று. ரிக்கெட்சியா டைஃபி என்ற பாக்டீரியாவால் வரும் எலி டைஃபஸ் காய்ச்சல், பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி கடிப்பதால் வருவதில்லை. கடித்த இடத்தை நாம் சொறியும்போது அதன் கழிவு தோலுக்குள் தேய்க்கப்படுவதால் வருகிறது. பூனைத் தெள்ளில் ரிக்கெட்சியா ஃபெலிஸ், பார்ட்டொனெல்லா ஹென்செலே ஆகியவை காணப்படுகின்றன. இவற்றைத் தேடும் ஆய்வுகள் எலியோடு நின்றுவிடாமல் வீட்டு விலங்குகளையும் சீப்பால் வார வேண்டியிருக்கிறது.

உண்ணிகளைப் பிடிக்க வெள்ளை ஃபிளானல் துணி போதும். ஒரு மீட்டர் அளவுள்ள துணியைப் புல்வெளியிலும் புதரோரத்திலும் இழுத்துச் சென்று, சில அடிகளுக்கு ஒருமுறை நின்று புரட்டிப் பார்க்க வேண்டும். புல் நுனியில் முன்கால்களை நீட்டிக் காத்திருக்கும் உண்ணிகள் அதில் பற்றிக்கொள்ளும். விலங்கின் மீதிருந்து பிடுங்கி எடுப்பது எளிது; எண்ணிக்கையும் அதிகம் கிடைக்கும். ஆனால் இரத்தம் குடித்துப் பருத்த உண்ணியில் கிருமி இருந்தால், அது உண்ணியினுடையதா, அல்லது அது அப்போதுதான் குடித்த விலங்கின் இரத்தத்திலிருந்து வந்ததா என்று சொல்ல இயலாது. நாள் முழுவதும் துணியை இழுத்து முப்பது உண்ணிகளோடு திரும்பும் களப்பணியாளரின் உழைப்பை, ஒரே மாட்டிலிருந்து முந்நூறு எடுத்தவரின் அறிக்கையோடு ஒப்பிட்டுக் குறைத்து மதிப்பிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கேள்வி எது என்பதைப் பொறுத்துத்தான் இரண்டில் எது சிறந்தது என்று சொல்ல முடியும்.

இனி எண்களுக்கு வருகிறேன். ஆய்வகங்கள் செலவைக் குறைக்கப் பல உண்ணிகளை ஒரே குழாயில் இட்டுச் சோதிக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: 500 உண்ணிகளைப் பத்துப் பத்தாக 50 குழாய்களில் இட்டுச் சோதித்ததில், 3 குழாய்களில் கிருமியின் அடையாளம் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். 50இல் 3 என்றால் நூற்றுக்கு 6 என்று செய்தி வந்துவிடும். உண்மையில் ஒவ்வொரு குழாயிலும் குறைந்தது ஓர் உண்ணியிடம் கிருமி இருந்தது என்று மட்டுமே நமக்குத் தெரியும். ஆகவே 500க்குக் குறைந்தது 3, அதாவது நூற்றுக்கு 0.6. பத்து மடங்கு வேறுபாடு! இதே பிழை மறுபக்கமும் நேர்கிறது. '30 உண்ணிகளைச் சோதித்ததில் எதிலும் கிருமி இல்லை' என்ற வரி ஆறுதல் தருவதாகத் தோன்றலாம். ஆனால் கணித முறைப்படி, 30இல் ஒன்றும் இல்லையென்றால் அந்த இடத்து உண்ணிகளில் நூற்றுக்குப் பத்து வரை கிருமி இருக்கக்கூடும் என்பதை அந்த முடிவு மறுக்கவில்லை. 300இல் ஒன்றும் இல்லையென்றால் அந்த மேல்வரம்பு நூற்றுக்கு ஒன்றாகக் குறையும். மூன்றை, சோதித்த எண்ணிக்கையால் வகுத்தால் இந்த வரம்பு கிடைத்துவிடும். இதற்குக் கணினி தேவையில்லை.

கிருமியின் அடையாளம் கிடைத்தால் நோய் உறுதி என்றும் சொல்ல முடியாது. உண்ணி இரத்தத்தை மட்டுமே உணவாகக் கொள்வது. இரத்தத்தில் பி வகை வைட்டமின்கள் போதாது. அந்தக் குறையை ஈடுசெய்யும் பாக்டீரியாக்கள் அதன் உடலிலேயே குடியிருக்கின்றன. அவற்றுள் சில, கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்ஸியெல்லா பர்னெட்டியின் நெருங்கிய உறவினங்கள். கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனையில் தேர்ந்தெடுத்த மரபணு போதிய அளவு தனித்தன்மை உடையதாக இல்லையென்றால், உண்ணிக்கு உணவூட்டும் குடியிருப்பாளரையே கொலைகாரன் என்று அறிவித்துவிடுவோம். அதனால் இரண்டு மூன்று மரபணுக்களைப் பார்த்து, அவற்றின் வரிசையையும் படித்து உறுதி செய்யாத முடிவை ஆய்வாளர்கள் ஐயத்தோடு பார்க்கிறார்கள்.

அதே கியூ காய்ச்சலின் வரலாறு இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. 1930களின் நடுவில் அமெரிக்காவின் மொன்டானாவில், நைன் மைல் என்ற இடத்தில் வேறொரு காய்ச்சலை ஆராய்வதற்காகப் பிடித்த உண்ணிகளைக் கினிப்பன்றிகளின் மீது விட்டபோது, யாரும் எதிர்பாராத ஒரு நோய் அவற்றுக்கு வந்தது. அந்தக் கிருமியால் நோயுற்ற மனிதர் எவரையும் அப்போது அவர்களுக்குத் தெரியாது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு வந்த காரணம் புரியாத காய்ச்சலை எட்வர்ட் டெரிக் ஆராய்ந்து, 1937இல் அதற்கு 'கேள்விக் காய்ச்சல்' என்ற பொருளில் கியூ காய்ச்சல் என்று பெயரிட்டார். இரண்டும் ஒரே கிருமி என்பது பின்னர் தெரியவந்தது. இத்தனைக்கும் மனிதருக்கு அந்த நோய் உண்ணிக்கடியால் வருவது அரிது. கால்நடைகளின் பேற்றுக் கழிவுகள் கலந்த தூசியைச் சுவாசிப்பதாலேயே பெரும்பாலும் வருகிறது.

இதைவிட வியப்பானது ரிக்கெட்சியா பார்க்கெரி. 1937இல் டெக்சாஸில் பிடித்த உண்ணிகளில் அது கிடைத்தது. மனிதருக்குத் தீங்கற்றது என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் எண்ணப்பட்டு வந்தது. 2004இல்தான் அதனால் ஒரு மனிதருக்கு வந்த காய்ச்சல் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் புள்ளிக் காய்ச்சல் என்று எழுதப்பட்ட நோயாளிகளில் எத்தனை பேர் இதனால் வருந்தியிருப்பார்கள் என்று யார் கணக்கிட முடியும்? ஆகவே 'இன்று நோய் உண்டாக்குவதாகத் தெரியவில்லை' என்பதும் நிரந்தரத் தீர்ப்பு அன்று. அந்த மாதிரிகளை உறைநிலையில் பாதுகாத்து வைத்தால், பிற்காலத்தில் வேறு கேள்வியோடு வருபவருக்கு அவை விடை சொல்லும்.

பாதுகாப்பதைப் பற்றிச் சொல்லும்போது என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒருமுறை ஒரு பருவம் முழுவதும் சேர்த்த மாதிரிகளை ஆல்கஹால் நிரம்பிய சிறு குப்பிகளில் இட்டு, குப்பிகளின் வெளிப்புறத்தில் பேனாவால் இடமும் நாளும் எழுதி ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வழியில் ஒரு குப்பி கசிந்து, பெட்டியிலிருந்த எழுத்து அனைத்தையும் கரைத்துவிட்டது. உண்ணிகள் நல்ல நிலையில் இருந்தன. எந்த உண்ணி எங்கிருந்து வந்தது என்பதுதான் அழிந்துபோயிற்று. பென்சிலால் எழுதிய சிறு காகிதத் துண்டைக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி அளித்தவர் சொல்லியிருந்தார். கேட்காதது எங்கள் குற்றம். இடமும் நாளும் இல்லாத உண்ணி, ஆய்வைப் பொறுத்தவரை வெறும் உண்ணி.

ஆனால் மாதிரிகளை இழப்பதைவிட, எடுக்காமலே விடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நான் பணியாற்றிய காலத்தில் ஒரு வழக்கம் மாறவே இல்லை. எங்காவது காய்ச்சல் கூடினால் அவசரமாக ஒரு குழு அனுப்பப்படும். சில வாரம் கூண்டு வைப்போம். காய்ச்சல் தணிந்ததும் பணமும் நின்றுவிடும். மக்கள் நோயுற்ற பின் பிடித்த சிற்றுண்ணிகளின் எண்ணிக்கை அதிகமா, குறைவா என்று எதனோடு ஒப்பிட்டுச் சொல்வது? காய்ச்சல் இல்லாத மாதங்களில் எத்தனை இருந்தன என்று எவரும் எண்ணவில்லையே. மழைக்கு முன், மழைக்குப் பின், வறண்ட காலம் என்று ஆண்டு முழுவதும், அதே இடங்களில், அதே எண்ணிக்கையில் கூண்டு வைத்து எண்ணினால்தான் அந்த எண்கள் பேசும். மூன்று ஆண்டுகள் சலிப்பூட்டும் வகையில் ஒரே மாதிரி வரும் கணக்கு, நான்காம் ஆண்டு ஏறும்போது, மருத்துவமனைக்கு முதல் நோயாளி வருவதற்கு முன்பே எச்சரிக்கும். நிதி ஒதுக்குவோருக்கு அந்தச் சலிப்பான மூன்று ஆண்டுகள் வீண் செலவாகத் தோன்றுவதுதான் சிக்கல்.

இந்த முடிவுகள் யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் முக்கியம். ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளியின் உடலில், பெரும்பாலும் இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ மறைவான ஓரிடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருக்கலாம்; எல்லாருக்கும் இருப்பதில்லை. காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகளுக்கு இந்தக் கிருமி அசைவதில்லை. டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலோர் ஓரிரு நாளில் தேறுகிறார்கள். தம் வட்டாரத்துச் சிற்றுண்ணிகளில் இந்தக் கிருமி இருக்கிறது என்று அறிந்த மருத்துவர் பொருக்கைத் தேடுவார். அறியாதவர் தேட மாட்டார். களத்தில் எண்ணியது கோப்பில் தங்கிவிட்டால், கூண்டு வைத்த இரவுகள் அத்தனையும் வீண்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. இத்தகைய ஆய்வைப் பற்றிச் செய்தி வெளியிடும்போது, பிடிக்கப்பட்டது உண்ணியா, தெள்ளுப்பூச்சியா, சிற்றுண்ணியா; புல்லிலிருந்தா, விலங்கின் மீதிருந்தா; எத்தனை உயிரிகள் எத்தனை குழாய்களில் சோதிக்கப்பட்டன; அவற்றுள் எத்தனையில் கிருமி தெரிந்தது என்ற விவரங்களை ஆய்வாளரிடம் கேட்டு அச்சிடுங்கள். இரண்டு வரிகள் போதும். அதற்கும் இடமில்லை என்றால், செய்தியோடு தவறாமல் வெளியாகும் அந்த நுண்ணோக்கிப் படத்தைச் சற்றே சிறிதாக்கிக்கொள்ளலாம். அது பெரும்பாலும் அந்தச் செய்தியில் சொல்லப்பட்ட உயிரியின் படமாகக்கூட இருப்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பூச்சியியல் களப்பணியாளர் ஒருவர்